ஒரே வரிசையான கூரை

வரைந்தவர் அல்லாத ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வரைபடம் தகடு வெட்டும் பட்டறைக்குப் போகவேண்டும் என்பது விதி. வாழைக்கன்று கட்டிய குன்னூர் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்களின் அலுவலகத்தில் அது வழக்கொழிந்துவிட்டது போலும். மடிக்கணினியை வைத்திருந்த இளையவள்தான் தொடங்கினாள்.

“அக்கா, கிளையெல்லாம் அழிச்சுட்டேனுங்க.”

“எந்தக் கிளை?”

“பைக்காராவுல நாம போடற கூரையிலதானுங்க. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு வரிசைத் தகடும் தனித்தனிக் கிளையாப் பிரிச்சு இருந்துச்சு. நம்பர் போடறப்ப எல்லாத்தையும் ஒரே லிஸ்ட்டாக் கொட்டிட்டேன். இப்ப மேல் வரிசைத் தகட்டுக்குக் கீழ் வரிசை அளவு போயிருக்குதுங்க.”

“திரையில பார்க்கலையா?”

“திரையில அழகாத்தானுங்க இருந்துச்சு.”

“மழை திரையிலயா பெய்யுது? பட்டறைக்கு அனுப்பிட்டயா?”

“நேத்து சாயந்திரமே அனுப்பிட்டேனுங்க. வெட்டியிருந்தா எனக்கு வேலை போயிரும். ‘நிறுத்துங்க’ன்னு காலையில இருந்து மெசேஜ் போடறேன், பதிலே இல்லீங்க.”

“நீ காட்டுனப்பவே நான் பார்த்திருக்கோணும். ‘அனுப்பி உடு’ன்னுட்டேன்.”

அருவங்காடு தாண்டும்போது கைப்பேசி ஒலித்தது. பட்டறையிலிருந்து வந்த செய்தியை இளையவள் சத்தமாகவே படித்தாள்.

“மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சாச்சுங்க. இன்னைக்குத் தொடமாட்டோம். உங்க ஃபைலை நாளைக்குத்தான் தொறப்போம்.”

“சரி பண்ணி இப்பவே அனுப்பீரட்டுங்களா?” என்று மூத்தவளைக் கேட்டாள்.

“இந்தத் தடவை நான் பார்த்துட்டு அனுப்பு,” என்று மூத்தவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சரிபார்க்கும் அலுவலர் செய்திருக்க வேண்டியதைச் சந்தனப் பொட்டு செய்திருந்தது. பதில் வந்த நாள், ஆயுத பூஜை.