கண் எரியாத வெங்காயம்

கொத்து வெங்காயத்தை ஆழமாகப் புதைக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு அதுதான். பாதி மண்ணுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும், மீதிப் பாதி வெயில் பார்க்க வேண்டும். பெரிதாக ஒன்றை நட்டால் அது உடைந்து சின்னச் சின்னதாக ஒரு கொத்து வரும். அந்தச் சின்னதில் ஒன்றை நட்டால் அடுத்த முறை பெரிதாக வரும். விதைக்கென்று யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ஒரு தடவை தோட்டத்துக்குள் வந்துவிட்டால் அது நம்மை விட்டுப் போகாது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

இன்ஸ்பெக்டர் ஐயா கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆள் டைப் அடித்துக் கொண்டுவந்த தாளில் ‘கணவரின் கவனக்குறைவால்’ என்று இருந்தது. பூச்செடிக் கிழங்கையும் வெங்காயத்தையும் பக்கத்துப் பக்கத்தில் காயப்போட்டேனாம். மச்சினி தெரியாமல் எடுத்துச் சமைத்துவிட்டாளாம். கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள், எனக்குத்தான் கை வரவில்லை. நான் பல்செட் செய்கிறவன். மயிரிழை கூடினால் ஈறு புண்ணாகும். மயிரிழை குறைந்தால் பேசும்போது பல் கழன்று எதிராளி மடியில் விழும். எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். என்னைப் போய்க் கவனக்குறைவு என்றால் எப்படிப் பொறுப்பது?

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். காலையில் சாவியைத் தூக்கிக்கொண்டு போனால் பொழுது சாயும்போதுதான் வருவாள். யார் எந்தக் கம்பத்தில் மோதப் பார்த்தார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வீடே அவள் வந்த பிறகுதான் வீடாகும். அவளுக்கும் அவள் தங்கைக்கும் கண் ஒரு மாதிரி. அடுத்த அறையில் வெங்காயம் உரித்தாலே இருவருக்கும் தாரை தாரையாகக் கொட்டும். கல்யாணமான புதிதில் அவள் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

“சமையல் யார் வேணா செய்யலாம். வெங்காயம் மட்டும் உங்க டிபார்ட்மென்ட். அழுத கண்ணோட நான் எப்படி ரோட்டப் பாக்கறது?”

சரி என்றேன். அன்றிலிருந்து பச்சை வெங்காயத்தை அவள் கையால் தொட்டதில்லை. நட்டது, பிடுங்கியது, கொத்துக் கொத்தாகக் கட்டிக் காயவைத்தது, உரித்தது, நறுக்கியது எல்லாம் நான். முழுசாகச் சுட்டு உப்புத் தூவிக் கொடுத்தால் சப்புக்கொட்டிச் சாப்பிடுவாள்.

பிறகு ஒருநாள் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே சொன்னாள். “தங்கச்சி ஊர்ல ஒரு ஷெட்டு கெடைக்குதாம். ரெண்டு பேரும் சேந்து டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கப் போறோம். வாரம் முழுக்க அங்க, லீவுக்கு இங்க. உங்களுக்கென்ன, பல்லத் தூக்கிட்டு நீங்களும் வந்துருங்களேன்.”

நானும் சிரித்தேன். அவள் போன பிறகு பட்டறை நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

வெங்காயப் பாத்தியின் ஓரத்தில் எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போன பூச்செடி ஒன்று உண்டு. மஞ்சள் பூ, அடியில் வெங்காயம் மாதிரியே ஒரு கிழங்கு. பக்கத்து வீட்டு நாய் ஒருமுறை அதைத் தோண்டித் தின்றுவிட்டு வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்து, அப்புறம் எழுந்து ஓடியது. அதனால் அந்தக் கிழங்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கடை வெங்காயத்தோடு அதை வைத்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். கடை வெங்காயம் எல்லாம் ஒரே உருண்டை. கொத்து வெங்காயம் அப்படியில்லை. ஒன்று சப்பை, ஒன்று கோணல், ஒன்று முதுகு ஒட்டியது. அந்தக் கூட்டத்தில் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது.

அவள் கிளம்ப வேண்டிய அன்று காலையில் சூப்பில் ஒரு சின்னத் துண்டு போட்டேன். நகத்தளவுதான்.

மத்தியானத்துக்குள் வாந்தி, தலைசுற்றல். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் துடைத்துவிட்டேன். அவள் என் கையை விடவே இல்லை. “நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்,” என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஐயாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, விரலில் மோதிரம் தெரிகிறது. அந்த வார்த்தையைக் கேட்டால் மனுஷனுக்கு எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பயணம் தள்ளிப்போனது. உடம்பு தேறி அவள் சாவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மறுபடி தள்ளிப்போனது. டாக்டர்கள் குடல் புண் என்றார்கள், நரம்பு என்றார்கள், ஒருவர் மனக்கவலை என்றார். எல்லாரிடமும் நான்தான் கூட்டிப்போனேன். மாடிப்படி ஏற முடியாமல் போனதும் தூக்கிக்கொண்டு ஏறினேன். தலை வாரிவிட்டேன். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். “உங்கள மாதிரிப் புருஷன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்,” என்று எதிர்வீட்டு அம்மா என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் மறுக்கவில்லை, ஏனென்றால் அது பொய்யில்லை. இத்தனை காலத்தில் ஒருமுறைகூட அளவு தப்பியதில்லை, ஐயா. ஒருமுறைகூட.

போன வாரம் மச்சினி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். நல்ல பெண். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

“அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன், அத்தான். எங்க ஊரு டாக்டர்கிட்ட காட்டலாம். நீங்களும்தான் எவ்வளவு பாப்பீங்க, ஓடாத் தேஞ்சு போயிட்டீங்க. இன்னைக்கு சமையலும் என்னோடது. நீங்க அடுப்புப் பக்கமே வரக்கூடாது.”

நான் பட்டறையில் பிளாஸ்டர் மாவு குழைத்துக்கொண்டிருந்தேன். குழைத்த மாவைப் பாதியில் விட முடியாது, இறுகிவிடும். சமையலறையில் கத்தி பலகையில் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் குரல்.

“அக்கா, வெங்காயம் நறுக்கறேன், நான் அழவே இல்ல!”

“யாரு, நீயா? சும்மா அளக்காதே,” என்றாள் என் மனைவி, படுக்கையிலிருந்து.

“சத்தியமா! ஒரு சொட்டுகூட வரல. அத்தான் வளக்கற வெங்காயம் தங்கமான வெங்காயம்.”

மாவு கையோடு போய்ச் சமையலறை வாசலில் நின்றேன். நான் தனியாகக் கீழ்த்தட்டில் வைத்திருந்த கிழங்கை எடுத்திருந்தாள். பார்க்க அதுதான் சுத்தமாக இருந்ததாம். பலகையில் வெள்ளை வெளேரென்று ஒரு குவியல் கிடந்தது. நான் போடுவது நகத்தளவு. அவள் கிண்ணம் நிறைய அரிந்து வைத்திருந்தாள். என் கண் முன்னாலேயே எண்ணெயில் கொட்டினாள்.

‘அது கெட்டுப்போனது, போடாதே.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஒரு துண்டை எடுத்து மோந்து பார்ப்பாள். பிடித்தால் விடுகிற பெண் இல்லை. அக்காவிடம் போய், நீ எத்தனை நாளாக இதைச் சாப்பிடுகிறாய் என்று கேட்பாள். அப்புறம் இரண்டு முகமும் என் பக்கம் திரும்பும். பானையைக் கை தவறியதுபோலத் தட்டிவிடலாமா என்றும் யோசித்தேன். சூப் கொதித்துக்கொண்டே இருந்தது. நான் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டே இருந்தேன். நகத்துக்குள் போன பிளாஸ்டர் சீக்கிரம் போகாது.

“அத்தான், உங்களுக்கு ஊத்தட்டுமா?”

“பசிக்கல. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க.”

மேசையை நான்தான் துடைத்தேன். மனைவி முதுகுக்குத் தலையணை வைத்தேன். அவள் கொஞ்சம் குடித்ததும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். “போதும், உன் வயிறு தாங்காது,” என்றேன். கவனம் என்பது அதுதான், ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். மச்சினி ரசித்துச் சாப்பிட்டாள். இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள். கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தாள். நான் நீட்டவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள் அவள், அவள் கிண்ணத்துக்கு என்னிடம் அளவு கேட்டவர்கள் யார்? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். இதில் கவனக்குறைவு எங்கே வருகிறது?

ஆம்புலன்ஸுக்குத் தாமதமாகச் சொன்னேன் என்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள், எனக்கு இருப்பது இரண்டு கை. முதலில் மனைவியைத்தான் பார்க்க முடியும். வண்டி வந்தபோது மச்சினிக்கு மூச்சில்லை.

மனைவி தேறிவிட்டாளாம். உங்கள் பெண் போலீஸ் சொன்னார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எதையும் பிடிக்காமல் தானாக நடக்கிறாளாம், இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிடுகிறாளாம், உடம்பில் ஒரு நோயும் இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டாராம். என்னைப் பார்க்க மாட்டேன் என்றும் சொன்னாளாம். உடம்பு முடியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை. அவள் உடம்பைப் பற்றி அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? தயவுசெய்து அவளைத் தனியாக வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், என்னைச் சீக்கிரம் விடுங்கள். கூடப்பிறந்தவள் என்று இருந்த ஒருத்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?