புனித கெர்வினின் விரல்

புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள் காலை, வாத்துக்கறி இன்னும் மிச்சம் இருந்தது. முந்தின நாள் விருந்தில் ஆயர் ரெய்ன்வார்ட் ஒரு வாத்துக்காலை முழுதாகத் தின்று எலும்பையும் உறிஞ்சி வைத்தார். நல்ல பசிக்காரர். எனக்கு அவரைப் பிடிக்கும், சாமி. உங்கள் விசாரணை ஏட்டில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் தீமோ. எங்கள் கோயிலில் புனித கெர்வினின் விரலெலும்பு இருக்கும் வெள்ளிப் பெட்டிக்குச் சாவி என்னிடம்தான்.

பாலத்துச் சுங்கம் யாருக்கு என்று ஆயருக்கும் எங்கள் வோல்ராட் பிரபுவுக்கும் தகராறு. ஆயர் அவரைத் திருச்சபையை விட்டு விலக்கினார். பிரபு ஆயரின் மாவு ஆலைகளைக் கொளுத்தினார். ஒருவழியாகச் சமாதானம். ஆயர் விலக்கை நீக்குவார். ஆயர்மேல் கை வைப்பதில்லை என்று பிரபு விரலின்மேல் சத்தியம் செய்வார். இன்னொரு நிபந்தனையை விருந்தில்தான் சொன்னார்கள்.

"பெட்டியத் தொடச்சு வை தீமோ, நாளைக்கு அது என்கூட வருது," என்றார் ஆயர். "அழுவாத. வேணும்னா நீயும் வா, எங்க ஊரு வாத்து இன்னும் கொழுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

துடைத்தேன். விரலை எடுத்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஆயர் தட்டிலிருந்த எலும்பில் ஒரு துண்டை உடைத்து உள்ளே வைத்தேன். அளவு கச்சிதம்.

காலையில் பிரபு பெட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்தார். கண் கலங்கினார். ஆயர் பெட்டியை முத்தமிட்டுக் குதிரையில் கட்டிக்கொண்டார். ஊருக்குப் போய் அதைத் திறந்து பார்ப்பாரே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிரபுவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்போ நான் சத்தியமே பண்ணலையாடா?"

"இல்ல பிரபு. வெறும் வாத்தெலும்பு."

பிரபுவின் ஆட்கள் ஆயரைப் பாலத்தில் மடக்கி முடித்தார்கள். கூட வந்த பாடகர்களையும் விடவில்லை. அவர்கள் பார்த்துவிட்டார்கள் அல்லவா. பெட்டி அன்று மாலையே திரும்பி வந்தது. பெரிதாகக் கீறல் இல்லை.

சத்தியத்தைக் காப்பாற்றவே நினைத்திருந்ததாகப் பிரபு உங்களிடம் அழுதாராம். இருக்கலாம். நான் அவரிடம் உண்மையைத்தான் சொன்னேன். யாரும் சத்தியத்தை மீறவில்லை, ஒரு ஆன்மாவும் கெடவில்லை. விரலும் ஊரைவிட்டுப் போகவில்லை.

சொன்னதெல்லாம் நிஜம் என்று இதே பெட்டியைத் தொட்டுச் சொல்லச் சொல்கிறீர்கள். தாராளமாக.

"தொடுறேன் சாமி. ஆனா உள்ள என்ன இருக்குன்னு நீங்க தெறந்து பாத்தீங்களா?"