என் பொண்டாட்டிக்கு நான் போட்ட மார்க்கு

...ஏலம் போடறவனுக்குப் பரீட்சையாம்ணே, பரீட்சை! மாடு விக்கறதுக்கு! நான் வாயத் தொறந்தேன்னா பக்கத்துப் பண்ணையில மேயற காளை கூடத் தலையத் தூக்கிப் பாக்கும். எனக்கு ஏலம் போடத் தெரியுமான்னு பாக்க தலைநகரம் டொபீக்காவுல ஒரு ஆபீஸ், அதுல ஒரு ஜன்னல், அதுக்கு ஒரு டோக்கன்! உக்காருங்கண்ணே, உக்காருங்க. இந்த நாற்காலி கொஞ்சம் குத்தும், பழகிடும். தொப்பியா? கழட்ட மாட்டேன். டோக்கன அதோட பட்டையிலதான் சொருகி வச்சிருக்கேன். கையில வச்சா தொலைச்சிடுவேன்னு நடீன் சொல்லுவா. நடீன்னா என் சம்சாரம். அவளாலதான் நான் இங்க வந்து உக்காந்திருக்கேன், எல்லாம் அவளாலதான்!

நீங்க எதுக்கு? ஓ, கெணறு தோண்டறவரா! அதுக்கும் லைசென்ஸா? பாத்தீங்களா, பூமிக்கு அடியில கடவுள் வச்ச தண்ணிய எடுக்க இவன் கையெழுத்துப் போடணும். வெளங்குமா நாடு?

நான் ஆர்வில் பென்னர். பாரோ கவுண்டி மாவட்டத்து மாட்டுச் சந்தையில ஏலம் போடறவன். அதுக்கு மேல ஒண்ணு சொல்றேன், அசந்துடாதீங்க... பாரோ கவுண்டி கொள்கைக் காவலர் சங்கத்துக்குத் தலைவரே நாந்தான். கேள்விப்பட்டதில்லையா? சட்டசபையில எவன் எவன் எதுக்கு ஓட்டுப் போட்டான்னு பாத்து, நம்ம பழமைக் கொள்கைப்படி மார்க்குப் போடறோம்ணே. அரசாங்கம் சின்னதா இருக்கணும், வரி கொறையணும், அவனவன் பொறுப்ப அவனவன் பாக்கணும், தொழில் பண்றவன் வழியில எவனும் கட்டையப் போடக் கூடாது. அவ்வளவுதான் கொள்கை. சபையில பெரிய பலகை இருக்கும், பேருக்கு நேரா வெளக்கு எரியும். செவப்பு எரிஞ்சா வேணாம், பச்சை எரிஞ்சா வேணும். நாங்க பெரும்பாலும் செவப்புக்குத்தான் மார்க்கு. அரசாங்கம் எதையாவது செய்யறேன்னு கெளம்பினா வேணாம்னு சொல்றவந்தானே நல்லவன்?

ரொம்பக் கண்டிப்புண்ணே நாங்க! மாநிலத்துக்குன்னு ஒரு அதிகாரப்பூர்வப் பழம் வேணும்னு ஒரு மசோதா வந்துச்சு. அதுக்குப் பச்சை போட்டவனுக்கெல்லாம் மார்க்கக் கொறைச்சோம். இன்னிக்குப் பழம்பான், நாளைக்கு அதுக்கு ஒரு இலாகா கேப்பான். பசு கன்னு போடற நேரம்னு ஓட்டே போடாம வீட்டுக்கு ஓடுன ஆளுக்கும் கொறைச்சோம். போன வருசம் நூத்துக்கு நூறு வாங்கினவர் யாரு தெரியுமா? ஒரு பெரியவரு. எங்க வெர்ல் இருக்கானே, சங்கத்துச் செயலாளர், அவன் கேடயம் எடுத்துக்கிட்டுப் போய்க் குடுத்தான். அப்பறம்தான் தெரிஞ்சுது, அவரு வருசம் பூரா தூங்கிக்கிட்டுதான் இருந்தாராம், அவரு மேசையில செவப்பு பட்டன் அமுங்கினது அமுங்கினபடியே சிக்கிக்கிச்சாம்... இருந்தா என்ன? கொள்கை கொள்கைதான்!

என்னண்ணே, அங்க பாக்கறீங்க? ஜன்னல்ல இருக்கற அந்தம்மாவா? ஆமா, என்ன கத்து கத்துது பாருங்க. நம்பரக் கூப்பிடறதுக்கும் ஒரு கலை வேணும்ணே. மூச்ச அடிவயித்துலேருந்து எடுக்கணும். இது தொண்டையில கத்துது, ஒரு எழவும் புரியல. இதுக்கு வைக்கணும் பரீட்சை!

எங்க விட்டேன்? ஆங், நடீன். அவதாண்ணே எங்க தொகுதி சட்டசபை உறுப்பினர். ஆமா, என் பொண்டாட்டியேதான்! நான் ஏலம் போடற மேடையில ஏறித்தான் அவ ஓட்டுக் கேட்டா. அவளுக்கும் நாந்தான் மார்க்குப் போடறது. வீட்டு ஆளுன்னு பாத்தேன்னு எவனும் சொல்லிடக் கூடாதுன்னு அவளுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போடுவேன். அவளும் நல்லாத்தான் போட்டுக்கிட்டு இருந்தா. செவப்பு, செவப்பு, செவப்பு... கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்.

அப்பதான் வந்துச்சு இந்தப் பாழாப்போன மசோதா. ஏலம் போடறவனெல்லாம் பரீட்சை எழுதணும், லைசென்ஸ் வாங்கணும். எவன் தொழில்ல கை வைக்கறான் பாருங்க! அன்னிக்கு நானே சபைக்குப் போய், மேல பாக்கறவங்க மாடத்துல உக்காந்துட்டேன். வெளியில ஒரே பனி. மசோதா வேணாம்ங்கற உறுப்பினருங்க சில பேர் நெடுஞ்சாலையில மாட்டிக்கிட்டாங்க, வந்து சேரல. வெளக்கு எரியுது. நடீன் பேருக்கு நேரா செவப்பு. அடி என் தங்கமேன்னு நெனைக்கறேன்... சட்டுன்னு பச்சையா மாறுதுண்ணே! பச்சை! என் சோத்துல என் பொண்டாட்டியே மண்ணள்ளிப் போடறா! மசோதா ஜெயிச்சிடுச்சு.

அவ என்னைய நிமுந்து பாத்தா. பாத்து ஒரு கண்ண மூடி மூடித் தொறந்தா. நான், அவளுக்குக் கண்ணுல தூசின்னு நெனச்சேன்.

...உங்களுக்கும் தூசியாண்ணே? புருவம் துடிக்குதே. இந்த ஆபீஸப் பெருக்கறதே இல்ல போலிருக்கு. என்ன, தொப்பியா? நல்ல தொப்பிதான், எல்லாரும் கேப்பாங்க, விக்க மாட்டேன். இருங்க, இருங்க, முடிச்சிடறேன், இனிமேதான் கதையே இருக்கு.

நேரா வீட்டுக்கு ஓட்டிக்கிட்டு வந்தேன். சாப்பிடக்கூட உக்காரல. வெர்லக் கூப்பிட்டேன். 'போடுடா அவளுக்கு முட்டை'ன்னேன். அவன், 'அண்ணே, அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு...'ன்னு இழுத்தான். 'கேக்கறதாவது! துரோகின்னா துரோகிதான்'னு சொல்லி, விடியக்காத்தால பண்ணைச் செய்தி வாசிக்கற ரேடியோவுல நானே போய்ப் பேசிட்டேன். கோதுமை வெலை சொன்னாங்க, பன்னி வெலை சொன்னாங்க, அடுத்தது நான்! 'மகாஜனங்களே, நடீன் பென்னர் கொள்கைய வித்துட்டா!' என் குரல் உங்களுக்குத்தான் தெரியுமே. ரேடியோ இல்லாதவனுக்கும் கேட்டிருக்கும்.

டொபீக்காவுல பல் வெளக்கிக்கிட்டு இருந்தவ கேட்டிருக்கா. உடனே ஃபோனு. கத்தலண்ணே. கத்தியிருந்தா பரவாயில்ல. ரொம்ப மெதுவா, 'ஆர்வில், சபையில ஒரு வழக்கம் உண்டு. தோத்த பக்கம் ஓட்டுப் போட்டவங்க மறுபடி ஓட்டெடுங்கன்னு கேக்க முடியாது. ஜெயிச்ச பக்கம் போட்டவங்கதான் கேக்கலாம். எப்படியும் தோக்கப் போறோம்னு தெரிஞ்சுது. அதனாலதான் பச்சைக்கு மாத்தினேன். பனியில மாட்டினவங்க இன்னிக்கு வந்துட்டாங்க. நான் எந்திரிச்சுக் கேட்டா மசோதா செத்துது. அதுக்குத்தான் உன்னப் பாத்துக் கண்ணடிச்சேன்'னா.

நடு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சுண்ணே! மாட்டு வியாபாரி ஒருத்தன் கடைசி வரிசையில நின்னு மீசைய அசைச்சா ஏலக் கேள்வின்னு எடுத்துக்கறவன் நான். ஒருத்தன் மூக்கச் சொறிஞ்சா அது கேள்வியா அரிப்பான்னு பிரிச்சுச் சொல்லுவேன். நானு!... சரி, விடுங்க.

'அப்ப எந்திரிச்சுக் கேளும்மா'ன்னேன். 'முதல்ல நீ ரேடியோவுல போய்த் தப்புன்னு சொல்லு, மார்க்க மாத்து'ன்னா. நியாயமான பேச்சுதான். ஆனா சங்கத்துல ஒரு சட்டம் இருக்கே! போட்ட மார்க்கு போட்டதுதான், கடவுளே எறங்கி வந்து கேட்டாலும் மாத்தக் கூடாது. அந்தச் சட்டத்தக் கொண்டுவந்தது... யாரோ ஒருத்தரு. சரி, நாந்தான். 'முடியாது நடீன், கொள்கை'ன்னேன். 'அப்ப நான் எந்திரிச்சா புருசன் சாட்டைய எடுத்ததும் பொண்டாட்டி பல்டி அடிச்சான்னு ஊரே சிரிக்கும். நான் துரோகியாவே இருந்துக்கறேன். தவளை தன் வாயால கெடும்'னு ஃபோன வச்சிட்டா. அன்னிக்குப் பூரா சபையில கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாளாம். மசோதா சட்டமாயிடுச்சு.

அதோட போச்சா? வீட்டுலயும் கொள்கையக் கொண்டுவந்துட்டாண்ணே! காலையில 'முட்டை எங்கம்மா'ன்னா, 'தனிமனிதப் பொறுப்பு, ஆர்வில்'ங்கறா. சட்டை துவைக்கலையான்னு கேட்டா, 'அடுத்தவங்க சட்டையில அரசாங்கம் தலையிடக் கூடாது'ங்கறா. ஒரு நாள் பியராக் ரொட்டி சுட்டா, உள்ள கறியும் முட்டைக்கோசும் வச்சு, வாசனை தெருவுக்கே வருது. ஒண்ணு எடுக்கப் போனேன். 'மானியம் நிறுத்தியாச்சு'ன்னுட்டா. தப்புன்னு எப்படிண்ணே சொல்றது? அவ பேசறதெல்லாம் என் பேச்சு!

வர்ற சனிக்கிழமை வருசத்துலயே பெரிய காளை ஏலம். லைசென்ஸ் இல்லன்னா நான் மேடையேறக் கூடாது. நான் ஏறலன்னா லைசென்ஸ் வச்சிருக்கற பக்கத்துக் கவுண்டி ராஸ்கோவக் கூப்பிடுவாங்க. ஆட்டுக்கு ஜலதோஷம் புடிச்சா எப்படிக் கத்தும், அதான் அவன் குரலு. அவன் என் மேடையில, என் சுத்தியலப் புடிச்சுக்கிட்டு! அதப் பாக்கறதுக்கு நான்... அதனாலதாண்ணே, மானத்த விட்டு இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்.

என்னண்ணே, எந்திரிச்சிட்டீங்க? உங்க நம்பர் வந்துடுச்சா? எத்தனை? முப்பத்திரெண்டா? அப்ப எனக்கு அடுத்த ஆளா நீங்க? நான் முப்பத்தொண்ணு. இதோ தொப்பியில எழுதியிருக்கே...

...கூப்பிட்டாங்களா? எப்ப?

அந்தம்மா கத்துச்சே, அது நானா? ஐயையோ... நீங்க தொப்பியக் காட்டினது... புருவத்தத் தூக்கித் தூக்கி... நான் தூசின்னு... ஏண்ணே, வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? சொன்னீங்களா? நான் விடலையா?

அம்மா! தாயே! ஜன்னல மூடாதீங்க! நாந்தான் முப்பத்தொண்ணு! இங்கயேதான் இருந்தேன்! அடுத்த மாசமா? சனிக்கிழமை ஏலம் இருக்கும்மா! என்னது, எத்தனை வாட்டி கூப்பிட்டீங்க?

ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரமுமா?