அலமாரிக்கு இருட்டு வேணும்

— மணி ஒன்பதுதான் ஆகுது, எலோய். நைட்டிகூட மாத்தல நான். எதிர் வீட்டுலேர்ந்து வர்றதுக்கு அப்படி என்ன அவசரம்?

— பத்து. கடியாரத்த முன்னால தள்ளி வைக்கலையா கசில்டா? நேத்து ராத்திரியோட நேரம் மாறிடுச்சு, வெயில் காலத்துக்காக அரசாங்கம் ஒரு மணி கூட்டிடுச்சு. ஸ்பெயின் பூரா இப்ப மணி பத்து.

— ஸ்பெயினுக்கு ஆயிருக்கும். என் சமையல்கட்டுக்கு ஒன்பதுதான். சரி சரி, உள்ள வந்து கதவச் சாத்துங்க முதல்ல. வாசனை படிக்கட்டுல இறங்குது.

— இறங்கட்டுமே. இந்த வருஷம் கட்டடச் சங்கத்துக்குத் தலைவியே நீங்கதானே. புகார் குடுக்கறவங்க உங்ககிட்டதான் குடுக்கணும்.

— குடுத்தாச்சு. நாலாம் மாடி அம்மா முந்தாநாள் மூக்கப் பொத்திக்கிட்டு வந்து நின்னா. லிஃப்டுல நோட்டீஸ் ஒட்டணுமாம்.

— ஐயய்யோ... ஒட்டினீங்களா?

— ஒட்டாம? "இந்த நாற்றத்துக்குக் காரணமானவர் வெட்கப்பட வேண்டும்"னு எழுதி, கீழ என் கையெழுத்தையும் போட்டேன்.

— எமகாதகி!

— வேற என்ன செய்யச் சொல்றீங்க? அத விடுங்க. அலமாரிக்கு இன்னிக்கு என்ன உத்தரவு?

— இன்னிக்கு முக்கியமான நாள். ஆறு வாரமா பதினெட்டு மணி நேரம் வெளிச்சம், ஆறு மணி நேரம் இருட்டுன்னு ஓட்டினோம் இல்ல? இனிமே பாதிக்குப் பாதி. பன்னெண்டு வெளிச்சம், பன்னெண்டு இருட்டு. அப்பதான் கஞ்சாச் செடி வெயில் காலம் முடிஞ்சுதுன்னு நெனச்சுப் பூ விடும்.

— துணி அலமாரிக்குள்ள நிக்கிற மூணு செடிக்கு வெயில் காலம் எப்ப முடியுதுன்னு நாமதான் சொல்லணுமா?

— நாமன்னா... நான். நாப்பது வருஷம் ரயில்வேல சிக்னல் போட்டவன். நேரக் கணக்க எங்கிட்ட விடுங்க.

— விட்டேன். எந்தப் பன்னெண்டு?

— காலைல பத்துக்கு அணைக்கறோம். ராத்திரி பத்துக்குப் போடறோம். கரண்டு விலை ஏறுற நேரம் பூரா இருட்டுலயே போயிடும்.

— நடுராத்திரிக்குப் போட்டு மத்தியானம் அணைச்சா என்ன?

— நடுராத்திரில நான் பைஜாமாவோட உங்க வாசல்ல நின்னா, நாலாம் மாடி அம்மா வேற மாதிரி நோட்டீஸ் கேப்பா.

— அதுவும் சரிதான். அப்ப, இத்தன நாளா சாயங்காலம் நாலு மணிக்கு வந்து அணைச்சீங்களே, அந்த வேல இனிமே இல்ல.

— இ... இல்ல.

— நாலு மணிக் காபியும் இல்ல.

— அது எப்படி! நாலு மணிக்கு வந்து... இருட்டு சரியா இருக்கான்னு பாக்கணுமே?

— இருட்டப் பாக்கறதுக்கு ஒரு ஆளா?

— ஒரு பொட்டு வெளிச்சம் போனாலும் செடி குழம்பிடும். போன வாரம் கோட்டு எடுக்கறேன்னு இருட்டு நேரத்துல அலமாரியத் தொறந்தீங்களே, அந்த மாதிரி.

— எழவுக்குப் போறப்ப சிவப்புச் சட்டையோடவா போவேன்? கறுப்புக் கோட்டு அதுக்குள்ளதான் தொங்குது. அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு முதல் வரிசைல உக்காந்தா, பூசை வைக்கிற பாதிரியாரு ரெண்டு தரம் மோந்து பாத்துட்டு என்னையே பாக்கறாரு.

— அதான் சொல்றேன். அலமாரிக்குக் காவல் வேணும்.

— அந்தக் காவல்காரருக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஆம்லெட்டு. ஒரு கிளாஸ் ஒயினு. விளக்குப் போட ஒரு நிமிஷம், எந்திரிச்சுப் போக ரெண்டு மணி நேரம்.

— விளக்குப் போட்டதும் செடி ஒழுங்கா முழிச்சுக்குதான்னு பாக்க வேண்டாமா?

— ஒரு டைமர் வாங்கிச் செருகிட்டா என்ன? தானாப் போடுமாம், தானா அணைக்குமாம்.

— டைமரா! வேண்டவே வேண்டாம். கரண்டு போய் வந்தா அதுக்கு நேரம் தப்பிடும். நேத்து மாதிரி அரசாங்கம் மணிய மாத்தினா அதுக்குத் தெரியுமா?

— செடிக்குத் தெரியுமா? மூஞ்சியத் தொங்கப்போடாதீங்க. உக்காருங்க, காபி போடறேன். விகோவுலேர்ந்து உங்க பொண்ணு எத்தன மணிக்குக் கூப்பிடறா?

— ரெண்டுக்கு. புது ரெண்டு மணிக்கு.

— என்ன சொல்லப்போறீங்க?

— என்னத்தச் சொல்ல... அங்க எனக்கு அறை தயாரா இருக்காம். ஜன்னல்ல நின்னா கடல் தெரியுமாம். "அம்மா போய் நாலு வருஷம் ஆச்சு, இன்னும் யாருக்காகப்பா அங்க தனியா உக்காந்திருக்கே"ங்கறா. வர்றியா இல்லையான்னு இன்னிக்கு முடிவாச் சொல்லணுமாம்.

— நல்ல பொண்ணு.

— தங்கமான பொண்ணு. ஆனா மழை, கசில்டா. விகோவுல வருஷம் பூரா மழை.

— நம்ம சரகோசாவுல மட்டும் என்ன வாழுதாம்? வருஷம் பூரா பல்லக் கழட்டற காத்து. போயிட்டு வாங்களேன்.

— போறதா? பூ விடற சமயத்துலயா? ரெண்டு மாசம் ஒரு நாள் தப்பாம பத்துக்குப் பத்து... யாரு பாப்பா?

— நான் பாப்பேன். ஒரு சுவிட்ச அமுக்க எனக்கு வெரல் இல்லையா?

— வலிக்கிற வெரல்.

— வலிக்கிற வெரல்தான். பூவ ரோஸ்மேரி ஸ்பிரிட்டுல ஊறப்போட்டு மூட்டுல தேச்சா கேக்கும்னு நீங்கதானே இந்தக் கூத்தையே ஆரம்பிச்சீங்க? சுவிட்சு அமுக்கினா ஒண்ணும் ஒடிஞ்சுடாது.

— ஓ... அப்ப நான் வேண்டாம்.

— அப்படிச் சொன்னேனா?

— சொல்லல. சொன்னாத்தானா? விடுங்க, வரேன்னே சொல்லிடறேன் அவகிட்ட. காபி வேண்டாம். விளக்க அணைச்சுட்டுக் கிளம்பறேன்.

— கிளம்புங்க. அணைக்கறதுக்கு முன்னால ஒரு தரம் அலமாரியத் தொறங்க.

— எதுக்கு?

— தொறங்கன்னா தொறங்க. அந்த நடுச்செடி, மேல நுனியப் பாருங்க. என்ன அது?

— ...எலை.

— எலோய்.

— தூசியா இருக்கும்.

— கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க. வெள்ள வெள்ளையா, முடி மாதிரி. பக்கத்துல இருக்கறதுலயும் இருக்கு. மூணுலயும் இருக்கு. என்ன அது?

— ...பூ.

— பூவா! வெயில் காலம் முடிஞ்சுதுன்னு நாம இன்னும் சொல்லவே இல்லையே? பதினெட்டு மணி நேரம் வெளிச்சத்துல நின்னுக்கிட்டே எப்படிப் பூத்துது?

— அது வந்து... சில சமயம்... இந்த நேரம் மாறினதுல...

— நேரம் மாறினது நேத்து ராத்திரி. இது பூக்க ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆச்சு.

— ஒரு வாரமாத் தெரியுமா உங்களுக்கு?

— பேச்ச மாத்தாதீங்க.

— ...சொல்லிடறேன். கடைல ரெண்டு ஜாதி வெதை வச்சிருந்தான். ஒண்ணு, மணி பாத்து வெளிச்சத்தக் கொறைச்சாத்தான் பூக்கும். இன்னொண்ணு, வயசு வந்தா தானாப் பூக்கும். எத்தன மணி நேரம் விளக்கு எரிஞ்சாலும் அதுக்குக் கவலையே இல்ல.

— நீங்க வாங்கினது?

— ரெண்டாவது. உங்க வெரல் சீக்கிரம் சரியாகட்டும்னு சுலபமானத வாங்கினேன். லிஃப்டுல ஏறி வரும்போதுதான் யோசிச்சேன். விளக்கு அதுபாட்டுக்கு எரிஞ்சா, நான் எதுக்கு இங்க வரணும்? அதான் நாலு மணி, பத்து மணின்னு... நானா ஒரு அட்டவணை போட்டேன்.

— ஆறு வாரமா.

— ஆறு வாரமா. தனியா உக்காந்து ராத்திரிச் சாப்பாடு எறங்கல, கசில்டா. அவ்வளவுதான். திட்டறதா இருந்தாத் திட்டிடுங்க. எதுக்குச் சிரிக்கறீங்க?

— அந்த மேஜை டிராயரத் தொறங்க.

— இது என்ன... வெதைப் பொட்டலமா?

— வேற ஜாதி. உங்க காலிப் பொட்டலத்த என் குப்பைக்கூடைலயே போட்டா நான் எடுத்துப் படிக்க மாட்டேனா, மனுஷா? ஆறு வாரமா எனக்கும் தெரியும். போன செவ்வாக்கிழமை அதே கடைக்கு நானே போய், தானாப் பூக்காத வெதை இருந்தாக் குடுன்னு கேட்டு வாங்கினேன். ஒரு ஆளு தினம் நேரம் தவறாம வந்து விளக்க அணைச்சாத்தான் இது பூக்குமாம்... ரெண்டு மணிக்குப் பொண்ணு கூப்பிட்டா அதச் சொல்லுங்க.