இரண்டாவது மணிக்குள்

எதிரே மேசைமேல் இருக்கும் உங்கள் கைபேசி, நான் இதை எழுத உட்கார்ந்த பிறகு இரண்டு முறை அதிர்ந்துவிட்டது. நீங்கள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தீர்கள். வேண்டுமானால் வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ, யாரோ ஒருவர் உங்கள் குரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் இல்லையா.

இப்படிச் சொன்னால் எங்கள் இலாகாவில் சிரிப்பார்கள். அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரே "ரெண்டாம்மணி". கைபேசி இரண்டாவது மணி அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுவேன், அதனால். குளித்துக்கொண்டிருந்தாலும் சோப்பு நுரையோடு ஓடி வருவேன் என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்குவாள். எடுக்க முடியாமல் போனால் பத்து நிமிடத்துக்குள் திரும்பக் கூப்பிடுவேன். மேலதிகாரி, கடைநிலை ஊழியர் என்ற பேதமெல்லாம் கிடையாது. தப்பாக வந்த அழைப்புக்குக்கூடத் திரும்பக் கூப்பிட்டு, "நீங்க தேடுற ஆள் நான் இல்லைங்க" என்று சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

நெட்டையைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். வருகிறேன். அதற்கு முன் என் வேலை உங்களுக்குப் புரிய வேண்டும்.

நான் துணை மின்நிலையத்தில் சுவிட்ச் அறை ஆப்பரேட்டர். ஊருக்குள் போகும் ஆறு மின்பாதைகளுக்கும் கைப்பிடிகள் என் அறையில் இருக்கின்றன. கம்பத்தில் ஏறி வேலை செய்யப் போகிறவர்கள் முதலில் என்னைக் கூப்பிட்டு லைன் கேட்பார்கள். நான் அந்தப் பாதையை அணைத்து, கைப்பிடியில் "ஆள் வேலை செய்கிறார், தொடாதே" என்ற சிவப்புப் பலகையை மாட்டி, பதிவேட்டில் நேரத்தை எழுதி, திரும்பக் கூப்பிட்டு, "அணைச்சாச்சு, ஏறலாம்" என்பேன். வேலை முடிந்ததும், லைன் கேட்ட அதே ஆள் தன் சொந்தக் குரலில் என்னைக் கூப்பிட வேண்டும். "எல்லாரும் எறங்கியாச்சு, லைன் போடலாம்" என்று சொல்ல வேண்டும். அந்த அழைப்பு வரும்வரை பலகையைத் தொடக்கூடாது. ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, மூன்று நாள் ஆனாலும் சரி. நிலையத்துத் தொலைபேசி செத்துப்போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. யாரும் சரிசெய்யவில்லை. அன்றிலிருந்து என் சொந்தக் கைபேசிதான் எல்லாவற்றுக்கும்.

மற்ற அலுவலகங்களில் திரும்பக் கூப்பிடுவது மரியாதை. எங்கள் வேலையில் அதுதான் உயிர். இருபத்தாறு வருடம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவன் விரல்கூடப் பொசுங்கியதில்லை.

நெட்டை வெளிவேலைக் குழுவின் ஃபோர்மேன். நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கல்யாணம் ஆகும்வரை ஒரே அறையில் எட்டு வருடம் இருந்தோம். அவன் கால் நீளத்துக்குக் கட்டில் போதாது என்று நான்தான் கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுப்பேன். அவன் மனைவி என்னை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்றே தெரு. எங்கள் வீட்டு மாற்றுச்சாவி எப்போதும் அவன் சாவிக்கொத்தில் இருந்தது. அதைவிட என்ன சொல்ல.

ஃபோர்மேன் ஆனபிறகு அவன் கொஞ்சம் மாறினான். லைன் கேட்பதிலும் கொடுப்பதிலும் குறை சொல்ல முடியாது. அதற்குச் சரியாகக் கூப்பிட்டுவிடுவான். நானாக அவனைக் கூப்பிட்டால்தான் மணி அடித்து அடித்து ஓயும். திரும்பவும் கூப்பிட மாட்டான். பதிவேட்டில் நான் கூப்பிட்ட நேரத்துக்குப் பக்கத்தில் பதில் வந்த நேரத்துக்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அது அலுவலக விதி அல்ல, என் சொந்த ஏற்பாடு. அவன் பெயருக்கு நேரே ஆறு வருடமாக அந்தக் கட்டங்கள் காலியாகவே கிடந்தன. வேலைப்பளு என்று எடுத்துக்கொண்டேன். சிநேகிதன் விஷயத்தில் மனசு எப்படியாவது ஒரு சமாதானம் தேடிக்கொள்ளும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலை பத்து மணிக்கு என் மனைவி கூப்பிட்டாள். "குளியலறையில வழுக்கி விழுந்துட்டேங்க. எழுந்திருக்க முடியல" என்றாள். வாசல் கதவு உள்பக்கம் தாளிடவில்லை, பூட்டுத்தான் போட்டிருந்தது. ஆனால் சாவி வேண்டும். நான் கிளம்ப முடியாது. மூன்றாவது கைப்பிடியில் சிவப்புப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. நெட்டையின் ஆட்கள் நாலு பேர் கம்பத்தில் இருந்தார்கள். அவர்கள் கம்பத்தில் இருக்கும்போது அந்த அறையை ஆளில்லாமல் விட்டுவிட்டு ஒருவன் போகலாமா? மாற்றுக்கு ஆள் கேட்டேன். மாலை நாலு மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள்.

நெட்டைக்கு ஒன்பது முறை கூப்பிட்டேன். போய்க் கதவைத் திறந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்வதற்காக. ஒன்பது முறையும் அடித்து ஓய்ந்தது. பிற்பகல் ஒரு மணிக்கு, அவனே, உற்சாகமாகக் கூப்பிட்டு, "எல்லாரும் எறங்கியாச்சுடா, லைன் போடலாம்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான். நான் மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அதற்குள் ஐந்தாவது கைப்பிடியில் வேறொரு குழுவுக்குப் பலகை மாட்டியிருந்தேன், மாற்று ஆள் வரும்வரை நகர முடியவில்லை. அவள் ஆறு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இப்போதும் தடி ஊன்றித்தான் நடக்கிறாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவன் ஓடி வந்தான், ஆரஞ்சுப் பழங்களோடு. "நீ கூப்பிட்டிருந்தத சாயங்காலந்தான்டா பார்த்தேன். ஏதோ ரெஜிஸ்டர் விஷயமா இருக்கும்னு விட்டுட்டேன்" என்று கண் கலங்கினான். அந்தக் கண்ணீரை நம்பி மன்னித்தேன். அவள்கூட, "பாவம், அவருக்கு எப்படித் தெரியும்" என்றாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்தில் ஒரு கூட்டம். தொடங்கும் நேரம் மாறிவிட்டது. நெட்டையிடம் சொல்லலாம் என்று தேநீர் அறை வாசலில் நின்று கூப்பிட்டேன். மணி உள்ளே கேட்டது. போனேன். அவன் கைகழுவப் போயிருந்தான். கைபேசி மேசைமேல் சார்ஜரில் மாட்டியிருந்தது. சுற்றி நாலைந்து பேர். திரையில் என் பெயர் இல்லை, ரெண்டாம்மணி என்றும் இல்லை. "எடுக்காதே" என்று இருந்தது.

என் கையில் என் கைபேசி. அங்கே மேசையில் அந்த எழுத்துகள் அணைந்து அணைந்து எரிந்தன. குமாஸ்தா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவரு இன்னும் இத மாத்தலையா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுச் சிரித்தார். அப்புறம்தான் வாசலில் நான் நிற்பதைப் பார்த்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியவில்லை.

அந்த நிமிடம் எனக்குக் கூட்டமும் நினைவில்லை, சிரித்தவர்களும் நினைவில்லை. ஈரத் தரைதான் நினைவுக்கு வந்தது. அவள் அங்கே கிடந்தபோது இந்தத் திரை ஒன்பது முறை எரிந்திருக்கிறது. ஒன்பது முறையும் அவன் தானே எழுதிவைத்ததைப் படித்திருக்கிறான். படித்துவிட்டு அப்படியே செய்திருக்கிறான்.  

நெட்டை ஈரக் கையோடு வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"அட, சும்மா வெளையாட்டுக்குடா. நீ ஒரு நாளைக்கு எத்தன தடவ கூப்பிடுற? என் பொண்டாட்டிகூட அவ்ளோ கூப்பிட மாட்டா."

"மாத்திடு" என்றேன்.

"மாத்திடறேன், மாத்திடறேன். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு நிக்கிற பாரு" என்று என் தோளில் கையைப் போட்டு அழைத்துப்போனான். அந்தக் கை ஈரமாக இருந்தது.

மாற்றினானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து முறை கூப்பிட்டேன். வேலையாகத்தான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கட்டங்கள் காலியாகவே இருந்தன. நான் கேட்டது என்ன பெரிய விஷயம்? ஒருவன் கூப்பிட்டால் திரும்பக் கூப்பிட வேண்டும். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

இனி அந்த நாள். நெட்டை பகல் ஒரு மணிக்கு மூன்றாவது லைனைக் கேட்டான். மூன்று மணி வரைக்கும் வேலை என்றான். அவன் வீட்டுக்குப் போகும் மின்சாரமும் அந்தப் பாதையில்தான். அணைத்தேன், பலகையை மாட்டினேன், எழுதினேன், திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். நான் செய்யவேண்டிய எதிலும் குறை வைக்கவில்லை. பதிவேடு உங்களிடம்தான் இருக்கிறது.

மூன்று மணி ஆயிற்று. அவன் கூப்பிடவில்லை. மூன்று இரண்டுக்கு நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்று ஒன்பதுக்கு அவன் கூப்பிட்டான். நான் கூப்பிட்டதற்கு அவன் திரும்பக் கூப்பிட்டது ஆறு வருடத்தில் அதுதான் முதல் முறை.

கைபேசியை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மணி. இரண்டாவது மணி. கை தானாகப் போயிற்று, இருபத்தாறு வருடப் பழக்கம் அல்லவா, இழுத்துக்கொண்டேன். மூன்றாவது மணி அடித்தது. என் கைபேசியில் மூன்றாவது மணி எப்படி ஒலிக்கும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. அடித்து ஓய்ந்தது. அவன் மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் ஓய விட்டேன்.

கம்பத்தில் நின்று வேலை முடிந்ததென்று சொல்லக் கூப்பிட்டானா, இன்னும் நேரம் வேண்டுமென்று கேட்கக் கூப்பிட்டானா என்று எனக்குத் தெரியாது. கட்டுக்கம்பி தளர்ந்திருந்ததால் மறுபடி மேலே ஏறினான், இன்னும் பத்து நிமிடம் கேட்கத்தான் கூப்பிட்டான் என்று கீழே நின்ற வண்டி ஓட்டுநர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். "ரெண்டாம்மணி கூப்பிட்டிருக்கான், இப்பவே பேசலன்னா கொன்னுடுவான்" என்று மேலிருந்து சிரித்தானாம். என் விஷயம் எப்போதுமே அவனுக்குச் சிரிப்புத்தான்.

வேலை முடிந்திருக்கும் என்று தவறாக நினைத்துவிட்டேன் என்று எழுதச் சொல்கிறார் வக்கீல். கவனக்குறைவு என்றால் தண்டனை குறையுமாம். என் வேலையில் நான் ஒருநாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை. அதை எழுத எனக்குக் கை வராது. மூன்று பதினான்குக்குப் பலகையைக் கழற்றி அதன் ஆணியில் மாட்டினேன். கைப்பிடியை மேலே தள்ளினேன். அவன் மேலே இருக்கிறான் என்று தெரியுமா என்று நீங்கள் மூன்று விதமாகக் கேட்டீர்கள். தெரியும். இறங்கியாச்சு என்று அவன் குரல் வரவில்லையே. ஓர் அழைப்பை எடுக்காமல் விட்டால் மறுமுனையில் என்ன ஆகும் என்பது அவனுக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தேன். வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று.

மூன்று இருபதுக்கு அவன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணிக்குள் எடுத்தேன்.

"அண்ணா, கரண்ட் வந்துடுச்சு, அப்போ வேலை முடிஞ்சுடுச்சுல்ல? சாப்பிட வர்றேன்னாரு. போன எடுக்க மாட்டேங்கிறாரு."

"எனக்கும் எடுக்கலம்மா" என்றேன். "அவன் எப்பவுமே அப்படித்தானே."

பொய் சொல்லவில்லை. மூன்று பதினாறுக்கு, பத்து நிமிடக் கெடுவுக்குள், நான் அவனைத் திரும்பக் கூப்பிட்டிருந்தேன். பதிவேட்டில் கடைசி வரி அதுதான், என் கையெழுத்துதான். அவன் சட்டைப்பையில் கைபேசி வெகுநேரம் அடித்ததாகவும், அந்தச் சத்தம் கம்பத்தின் கீழே தனக்கே கேட்டதாகவும் ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். அத்தனை சத்தமாக அடித்திருக்கிறது. அப்போதும் அவன் எடுக்கவில்லை.