கோயில் இல்லாத ஊர்

அடையாறிலிருந்து மயிலாப்பூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு நடுத்தர வயதுத் தம்பதி. லீவுக்கு எங்கே போவது என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இந்தத் தடவை கோயிலே இல்லாத ஊரா பாருங்கோ" என்றார் அந்த அம்மா. மயிலாப்பூருக்கு டிக்கெட் எடுத்தவர் பேசுகிற பேச்சா இது? காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அப்படி எந்த ஊர் இருக்கு?"

"அந்தமான் போலாம். தீவைப் பாக்கணும்னு எத்தனை நாளா ஆசை."

"தீவுதானே வேணும்? ராமேஸ்வரமும் தீவுதான்."

"அங்கதான் கெணறு கெணறாப் போய் ஈரப் புடவையோட குளிச்சு, ஜுரத்தோட வந்தேனே."

"போன வருஷம் குருவாயூர் பிடிச்சுதுன்னியே."

"பிடிச்சுது. கால் கடுக்க க்யூல நின்னு, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள தள்ளி விட்டுட்டா."



"அந்தமான்ல போய் என்ன பண்ணுவே?"

"கடலைப் பாத்துண்டு சும்மா உக்காந்திருப்பேன்."

"அதுக்கு நம்ம மெரினா போறாதா?"

"மெரினாலேர்ந்து ஆத்துக்கு வந்து நான்தானே சமைக்கணும்."

கணவர் சிரித்துவிட்டார். "சரி, நாளைக்கே கப்பலுக்கு விசாரிக்கறேன்."

குளத்தை ஒட்டி பஸ் போனபோது கோபுரம் தெரிந்தது. இருவரும் பழக்கமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"கபாலி கோச்சுக்கப் போறார்" என்றார் கணவர்.

"மாட்டார். தினம் நான் போய்ப் புலம்பறதைக் கேக்கறார். அவருக்கும் பத்து நாள் லீவு கிடைச்ச மாதிரி இருக்கட்டும்."