பச்சைக்கு வந்த பிள்ளை

— எறக்காதம்மா, எறக்காத! தராசுலயே தொங்கட்டும். முள்ளு பத்தரையில நிக்கிறது போட்டோவுல தெரியணும்.

— அழுவுறான் சார். கயிறு தொடைய அறுக்குது.

— அழட்டும், நல்லது. அந்தச் சத்தத்துலயே சத்து தெரியுது. வேணி டீச்சர், எழுதுங்க. மாயவன் மகன் தென்னரசு, வயசு ரெண்டேகால், எடை பத்தரை கிலோ. போன வருஷம் எடை குறைஞ்சு மஞ்சள் கட்டம், இந்த வருஷம் பச்சை. அதாவது, ஒரு பிஞ்சுக் குழந்தையை மஞ்சளிலிருந்து பச்சைக்கு நாம் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கிறோம். இதை அப்படியே மேடையில சொல்லலாம் இல்ல?

— சொல்லலாம் சார். கை தட்டுவாங்க. ருக்கு, போட்டோ ஆயிடுச்சு, புள்ளையத் தூக்கிக்க.

— வேணிக்கா, நான் போட்டோவுக்கா வந்தேன்? நீயாவது எடுத்துச் சொல்லேன்.

— நான் சொன்னா எடுபடாதுடி. நீயே கேளு. திண்டிவனத்துலேர்ந்து ஆபீசரு நம்ம குப்பத்து பால்வாடிக்கு வர்றதே வருஷத்துக்கு ஒருக்கா. மரக்காணம் தாண்டினா ஜீப்புக்கு வழி தெரியாது.

— என்னம்மா, என்ன வேணும்?

— மஞ்சள்னு எழுதிடுங்க சார்.

— எதை?

— எம்புள்ளையதான். பச்சைன்னு போடாதீங்க. மஞ்சள்னாதான சத்துமாவு பாக்கெட்டு ரெண்டா குடுக்குறீங்க? பச்சைன்னா ஒண்ணோட நிறுத்திடுவீங்க.

— ஏம்மா, புள்ளை தேறலையேன்னு அவனவன் கோயில் கோயிலா சுத்தறான். நீ தேறின புள்ளைய வாபஸ் வாங்கிக்கோன்றியே!

— இப்பத்திக்குத்தான் சார் தேறிகிறான். மாசி மகம் முடிஞ்சி நல்ல மீன்பாடு. எங்க ஊட்டுக்காரரு புதுச்சேரி லாஞ்சுல கூலிக்குப் போறாரு, கொழம்புக்கும் மீனு எடுத்தாறாரு. சித்திரை பொறந்த மறுநாளு தடைக்காலம் போட்டுடுவாங்க. அறுவத்தோரு நாளு லாஞ்சு கரையிலயே கெடக்கும். அப்ப இவன் தன்னால மஞ்சளுக்கு எறங்கிடுவான். போன வருஷமும் எறங்கினான். அதான், முன்னாடியே எழுதி வச்சிக்கலாம்னு வந்தேன்.

— முன்னாடியேன்னா?

— எளைக்கிறதுக்கு முன்னாடி.

— டீச்சர், இந்தம்மா என்னதான் கேக்கறாங்க?

— ரயிலுக்கு ரிசர்வேஷன் பண்றாங்கல்ல சார், அது மாதிரி பசிக்குப் பண்ணிக்கலாமான்னு கேக்கறா.

— அதுக்கெல்லாம் விதியில இடமே இல்லம்மா. அதாவது, இது ஊட்டச்சத்துக் குறைபாட்டை அடையாளம் கண்டு, அணுகி, அகற்றுகிற திட்டம். குறைபாடே இல்லாதப்ப நான் எதை அடையாளம் காணுவேன்? எதை அணுகுவேன்?

— அகத்தறதுக்கும் ஒண்ணும் இல்லியேன்னு சார் வருத்தப்படறாரு ருக்கு.

— போன வருஷம் அடையாளம் கண்டீங்களே சார்! தடைக்காலம் பாதி ஓடி, வைகாசி எடையிலதான் கொறைஞ்சிருக்கான்னு தராசு சொல்லிச்சு. அக்கா எழுதினது திண்டிவனம் போச்சு, அங்கேர்ந்து விழுப்புரம் போச்சு. இங்க இவன் நெஞ்செலும்ப எண்ணிடலாம், அப்டி ஆயிட்டான். கேப்பைக் கூழ கரைச்சி ஊத்தினா அதையும் கக்கினான். ராவெல்லாம் மூச்சு இருக்குதா இருக்குதான்னு மூக்குல கைய வச்சி வச்சிப் பாத்துக்கினு உக்காந்திருந்தேன். கடைசில லாஞ்செல்லாம் கடலுக்குப் போயி மொதப் பாடு வந்து எறங்குது, அன்னிக்குத்தான் உங்க மாவும் வந்து எறங்குது.

— வந்துச்சா இல்லையா?

— வந்துச்சு சார்.

— தேறினானா இல்லையா?

— தேறினான். மீனு துன்னு தேறினான்.

— அதை நீங்க முடிவு பண்ணக் கூடாதும்மா. புள்ளிவிவரம்னு ஒண்ணு இருக்கு. மாவு போனது, குழந்தை தேறியது. நடுவுல மீனுக்கு அதுல கட்டமே கிடையாது.

— சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? நம்ம தராசு கெழட்டுத் தராசு. முன்ன பின்ன காட்டும். நானே மஞ்சள்னு போட்டுக்கறேன், நீங்க பாக்காத மாதிரி இருந்துடுங்க.

— டீச்சர்! பேசற பேச்சா இது? என் சர்வீஸ்ல ஒரு பொய்யான எண் இந்தப் பேனாவுலேர்ந்து வந்ததில்ல. மஞ்சளே இல்லாத மையம்னு உங்க மையத்துக்குக் கேடயம் வாங்கப் போறோம். விழுப்புரத்துல, கலெக்டர் கையால. வரவேற்புரை நான்.

— அப்ப தேவநாதன் பொண்ணு சார்?

— எந்தப் பொண்ணு?

— மஞ்சள்ல இருக்குற பொண்ணு. நீங்க வர்றீங்கன்னு கூட்டேரிப்பட்டு சித்தி ஊட்டுக்கு அனுப்பிடச் சொன்னீங்களே.

— அது பொய் இல்ல, விடுமுறை. வராத குழந்தைக்கு எடை கிடையாது. எடை இல்லாத குழந்தைக்கு நிறம் கிடையாது.

— நான் ஒண்ணும் சொல்லல சார்.

— சார், கால்ல வேணா வுழறேன். சித்திரையில ஸ்கூலும் லீவு வுட்டுடுவாங்க, பெரியவளுக்கு மத்தியானச் சோறும் நின்னுடும். ஒத்தப் பாக்கெட்டு, ரெண்டு வாயி. அவள வச்சிக்கினு இவனுக்கு மட்டும் எப்பிடி ஊட்டுறது? போன வாட்டி இவன் பொழைச்சதே பெருசு. இன்னொரு வாட்டி தாங்க மாட்டான் சார்.

— உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. எழுந்திரிங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.

— எல்லாருக்குமா சார்? குஞ்சு மீனு பெருசாவணும்னு முன்கூட்டியே தேதி போட்டு கடலையே மூடறாங்க. இவ புள்ளைக்குன்னா மட்டும் முன்கூட்டி ஆவாதா?

— அது மீன்வளத் துறை டீச்சர். நாம வேற துறை.

— போதும் வுடுக்கா, நீ வேற பேஜாரு பண்ணிக்கினு. சார், அப்ப எப்பதான் கேக்கணும்? அதையாவது சொல்லிட்டுப் போங்க, கேட்டுக்கறேன்.

— அப்படிக் கேளுங்க! ரொம்ப சுலபம். முதல்ல குழந்தை குறையணும். குறைஞ்சதைத் தராசு சொல்லணும். அதுக்கப்புறம் நீங்க கேக்கணும். இந்த வரிசை மாறக் கூடாது.

— எவ்ளோ கொறையணும்?

— டீச்சர், இவன் வயசுக்குக் கோடு எங்க இருக்கு?

— பத்துல சார்.

— அப்ப அரைக் கிலோ. கோட்டுக்கு மேல ஒரு நூல் நின்னாலும் பச்சைதான்.

— மறுபடி எப்பக்கா எடை பாப்ப?

— பங்குனி பொறந்ததும் பாப்பேன் ருக்கு. எதுக்குக் கேக்கற?

— அப்ப கொறைஞ்சிருந்தா ரெண்டாவது பாக்கெட்டு எப்ப சார் வரும்?

— எழுதி அனுப்பின ஒரு மாசத்துல.

— பங்குனியில எழுதினா சித்திரையில வந்துடும்.

— கட்டாயம் வரும். தராசு மட்டும் சொல்லட்டும், கையெழுத்து என் பொறுப்பு. பாத்தீங்களா டீச்சர், பக்குவமா எடுத்துச் சொன்னா எப்படிப் புரிஞ்சிக்கிறாங்கன்னு? விழிப்புணர்வுன்னா இதுதான். இதையும் மேடையில சேர்த்துக்கணும்.

— வேணிக்கா, நாளையிலேர்ந்து எம்புள்ளைக்கு இங்க சோறு போடாத. கேட்டு அழுதாலும் போடாத. ஊட்டுல மீனு இருக்கசொல்லவே இவன எளைக்க வுட்டாதான், இல்லாத அன்னிக்கு மாவு வந்து சேரும்.